தென்பெண்ணைக் கரையின் கல்லடிக் குடிகள்

ஓசூர்ப் பகுதியின் ஆற்றோரப் புல்வெளிகளில் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் ஒரு பலகைக் கல்லைப் புரட்டினால், முதலில் தெரிவது ஈரத்தின் கறை. வெயில் காய்ந்த மேல்பக்கம் சாம்பல் நிறமாக இருக்க, அடிப்பக்கம் கறுத்துக் குளிர்ந்திருக்கும். அழுகிய புல் வேர், காய்ந்த சாணத்தின் துணுக்கு, வெள்ளை நூலாய்ப் படர்ந்த பூஞ்சணம் ஆகியவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நெல்மணி அளவுப் பூச்சிகள் கலைந்து ஓடும். சில ஓடாமல் அந்த இடத்திலேயே உருண்டையாகச் சுருண்டு மிளகு போலக் கிடக்கும். வெளிச்சம் படும் ஒவ்வொரு நொடியும் அவற்றின் உடலிலிருந்து நீர் போய்க்கொண்டிருக்கிறது. கல்லைப் பழையபடி வைத்துவிட்டால் சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

இந்த உயிருக்குத் தமிழில் எல்லா ஊருக்கும் பொதுவான பெயர் ஒன்று நிலைக்கவில்லை. தொட்டால் சுருளும் பூச்சி என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். மரவட்டையோடு சேர்த்து எண்ணுவதும் உண்டு. மரப்பேன் என்பது அதன் ஆங்கிலப் பெயருக்கு நேர்ப்பொருள். பேனோடு அதற்கு உறவில்லை, மரவட்டையோடும் இல்லை. அது இறால், நண்டு வகையைச் சேர்ந்தது. கடலில் வாழ்ந்த முன்னோரிடமிருந்து பிரிந்து முழுக்க நிலத்தில் வாழப் பழகிய ஓட்டுயிர்க் கூட்டம் மிகச் சிறியது. அதில் வகையிலும் பரப்பிலும் முதலிடம் மரப்பேனுக்கே. உலகெங்கும் 3,500-க்கும் மேற்பட்ட வகைகளுக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

நிலத்துக்கு வந்தும் நீரை அது விடவில்லை. பூச்சிகளின் தோலுக்கு மேல் நீர் கசியாதபடி மெழுகுப் படலம் ஒன்று உண்டு. மரப்பேனின் ஓட்டில் அந்தக் காப்பு இல்லை. வயிற்றின் பின்பகுதியில் இருக்கும் தகடு போன்ற உறுப்புகளால் அது மூச்சு விடுகிறது. அவை ஈரமாக இருந்தால்தான் காற்று உள்ளே போகும். ஏழு இணைக் கால்களோடு நடக்கும் தாய், முட்டைகளை மண்ணில் விடுவதில்லை. அடிவயிற்றில் நீர் நிறைந்த ஒரு பையில் வைத்துச் சுமக்கிறது. அந்தப் பைக்குள் இருக்கும் சில துளி நீர்தான் குஞ்சுகளுக்குக் கடல். வெளியே வரும் குஞ்சுக்கு ஆறு இணைக் கால்களே இருக்கும். ஏழாவது இணை பின்னால் தோலுரிக்கும்போது வரும். தோலுரிப்பதும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. பின்பாதி ஓடு முதலில் கழலும், ஓரிரு நாள் கழித்து முன்பாதி. அதனால்தான் கல்லைப் புரட்டும்போது பின்பக்கம் வெளிறியும் முன்பக்கம் கறுத்தும் இரண்டு துண்டு ஒட்டியதைப் போன்ற பூச்சி சில வேளை கண்ணில் படுகிறது.

இப்படிப்பட்ட உயிருக்கு ஓசூர் மேட்டுநிலம் எளிய இடமல்ல. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கிருஷ்ணகிரியைவிடக் குளிர்ச்சிதான். ஆனாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை செம்மண் வெடிக்கிறது. கோடை மழை, பிறகு ஓர் இடைவெளி, செப்டம்பர், அக்டோபரில் மீண்டும் மழை என்று நீர் தவணை முறையில் வருகிறது. மானாவாரி மேட்டில் அந்த இடைவெளிகளைத் தாண்டுவது மரப்பேனுக்குக் கடினம். ஆற்றோரத்தில் வண்டல் கலந்த மணலுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் ஈரம் நிற்கும். அருகம்புல்லும் கோரையும் அடர்ந்த இடத்தில் மேல்மண்ணும் முழுக்கக் காயாது. வறண்ட மாதங்களில் மரப்பேன் வேர்த் துளைகள், மண் வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கிவிடும். முதல் மழை விழுந்த இரவில் மேலே வந்து மட்கிய இலையையும் பழஞ்சாணத்தையும் கடிக்கத் தொடங்கும்.

இந்தப் புல்வெளியை மழையும் ஆறும் மட்டும் உண்டாக்கவில்லை. ஆற்றோர நிலத்தை அதன் போக்கில் விட்டால் சில ஆண்டுகளில் புங்கும் நாணலும் முட்புதரும் மேலேறிவிடும். வெள்ளம் வந்து அரித்தும் வண்டல் போட்டும் போனது ஒரு பாதி வேலை. மாடு மேய்ந்து புதரைத் தலைதூக்க விடாமல் வைத்தது மறுபாதி. ஆகவே கல்லுக்கு அடியில் வாழும் இந்தச் சிறு உயிரின் வரலாற்றை, மாட்டின் வரலாற்றை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அந்த வரலாற்றுக்கு இப்பகுதியில் எழுத்துச் சான்று கல்லிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் தமிழ்நாட்டில் நடுகற்கள் செறிந்த பகுதிகளில் ஒன்று. ஆநிரையைக் கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்தவனுக்கும், கவரப் போய் இறந்தவனுக்கும் எழுப்பிய கற்கள் அவற்றில் பல. இந்தக் கல்வெட்டுகளில் மாட்டு மந்தையைக் குறிக்கும் சொல் 'தொறு'. தொறு மீட்டுப் பட்டவன், தொறுக்கொண்டபோது பட்டவன் என்று வில்லும் வாளும் ஏந்திய உருவத்தோடு ஊர் அவனை நினைவில் வைத்தது.  நெல் வயலுக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு இத்தனை கற்கள் இல்லை. இந்த மேட்டுநிலத்தின் செல்வம் மாடு என்பதற்கும், மாட்டுக்கு வேண்டிய பரந்த மேய்ச்சல் இங்கே இருந்தது என்பதற்கும் இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

மைசூர் அரசு வளர்ந்தபோது புல்வெளி அரசுச் சொத்தானது. சிக்க தேவராஜ உடையார் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தர 'பெண்ணெ சாவடி' என்ற துறை இருந்தது. பெண்ணெ என்றால் கன்னடத்தில் வெண்ணெய். ஹைதர் அலி அந்த மந்தைகளைப் படைக்குப் பயன்படுத்தினார். பீரங்கியும் தளவாடமும் இழுக்க அவற்றின் காளைகளைப் போல வேறு எதுவும் ஓடவில்லை. திப்பு சுல்தான் அந்தத் துறைக்கு அம்ரித் மஹால் என்று பெயர் மாற்றினார். மந்தைகளுக்கென ஒதுக்கிய புல்நிலங்களுக்குக் 'காவல்' என்று பெயர். கோடைக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று காவல்கள் பிரிக்கப்பட்டிருந்தன. கோடைக் காவலுக்கு நீரும் நிழலும் உள்ள ஏரிப் பக்கமும் ஆற்றுப் பக்கமுமே ஏற்றவை. மாடுகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறியதால் எந்தப் புல்லும் வேர்வரை தின்று தீர்க்கப்படவில்லை. மந்தை நகர்ந்தபின் கிடக்கும் சாணம் மட்கவும் கல்லடியில் ஈரம் தேங்கவும் இடைவெளி கிடைத்தது. மண்ணில் வாழும் உயிர்களைப் பற்றி எண்ணி யாரும் இதைச் செய்யவில்லை. ஆனால் அவற்றுக்கு இதைவிட இசைவான ஏற்பாட்டை இன்றைய சூழலியல் படித்தவர்கூட எளிதில் வகுத்துவிட முடியாது.

1791 ஜூலையில் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. அடுத்த ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கணவாய்க்கு மேலுள்ள ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு வந்தது. பாலாகாட் என்று அதற்குப் பெயர். கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலத்தை அளந்து வரி விதித்த முறையே, உழவரிடம் நேராக வரி வாங்கும் பிற்கால ரயத்துவாரிக்கு அடிப்படை. அளக்கும் கணக்கில் ஒரு நிலம் பயிர் நிலமா, தரிசா, புறம்போக்கா என்று ஏதாவது ஒரு கட்டத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஊர் மாடுகள் மேயும் ஆற்றோரம் 'மேய்க்கால் புறம்போக்கு', 'மந்தைவெளி' என்று பதிவேட்டில் ஏறியது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் இதே வகை நிலம் 'கோமாள'. பெயர் இரண்டானாலும் புல் ஒன்றுதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊர்களின் மாடுகளுக்குப் பதிவேட்டுக் கோடு எங்கே போகிறது என்பது தெரியாது.

கம்பெனிக்கும் புல்வெளி தேவைப்பட்டது, இந்த முறை குதிரைக்காக. ஓசூருக்குத் தெற்கே மத்திகிரியில் 1824-இல் படைக் குதிரைகளுக்கான நிலையம் தொடங்கியது. தட்பவெப்பம் ஐரோப்பியருக்கும் குதிரைக்கும் ஒத்துக்கொண்டது. பெங்களூர்ப் பாசறை அருகிலேயே இருந்தது. 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலம் 20-ஆம் நூற்றாண்டில் அரசின் கால்நடைப் பண்ணையாக மாறியது. செஞ்சிந்தி மாடுகளை வளர்த்ததற்காக நாடறிந்த பண்ணை அது. ஆற்றங்கரையில் இல்லாவிட்டாலும், இந்த வட்டாரத்தில் இருநூறு ஆண்டுகளாகப் புல்லுக்கும் கால்நடைக்கும் என்றே தொடர்ந்து ஒதுக்கப்பட்டிருக்கும் பெருநிலம் என்ற வகையில் அதற்கு ஈடு இல்லை. லாயத்துக் குப்பை, தொழுவத்துக் கழிவு, மழையில் நனைந்த வைக்கோல் போர் என்று மரப்பேனுக்குப் பிடித்த எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன.

குப்பையோடு பயணம் செய்யும் மரப்பேன் வகைகள் சில உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். மேலே மாவு பூசினதுபோல் நீலச்சாம்பல் படர்ந்த ஒரு வகை, போர்செலியோனைடஸ் புரூய்னோசஸ் என்று பெயர், மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. எருக்குழியும் தொழுவமும்தான் அதற்கு வீடு. கப்பலில் ஏற்றிய மண், தொட்டிச் செடி, கால்நடைத் தீவனம் ஆகியவற்றோடு அது உலகின் வெப்ப நாடுகள் முழுவதும் பரவிவிட்டது, இந்தியாவிலும் பதிவாகியுள்ளது. உருண்டையாகச் சுருளும் கூபாரிஸ் மூரினா என்ற வகையும் அப்படியே வெப்பநாடெங்கும் காணப்படுவது. இவற்றோடு இந்த மண்ணிலேயே தோன்றி வேறெங்கும் போகாத வகைகளும் தென்னிந்தியாவில் வாழ்கின்றன. இந்திய மரப்பேன்களை முறையாக விவரித்தவர்களில் முன்னோடி வால்டர் கோலிஞ்ச். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்வேட்டில் 1910-களில் அவர் எழுதிய வரிசையில் சென்னை மாகாணத்து வகைகளும் இடம்பெற்றன. அதே காலத்தில், 1916-இல், அந்த அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவு இந்திய விலங்கியல் ஆய்வகமாக உருவெடுத்தது.

ஊர்களில் எருக்குழி ஆண்டு முழுவதும் இயங்கியது. தொழுவத்துச் சாணம், மாடு தின்று கழித்த தட்டை, அடுப்புச் சாம்பல், கூட்டிய குப்பை எல்லாம் நாள்தோறும் குழிக்குப் போகும். கேழ்வரகும் சாமையும் விதைக்கும் முன் வண்டியில் ஏற்றி நிலத்தில் சிறுசிறு குவியலாகக் கொட்டுவார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்துவது தனி ஏற்பாடு. இரவுதோறும் கிடை இடம் மாறும், அதோடு உரமும் மாறும். குழியிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து ஆற்றோரத்துக்கும் மரப்பேன் இப்படி வண்டியேறிப் போனது. அது சும்மா போகவில்லை. கடினமான தட்டையையும் சருகையும் அரைத்துத் துகளாக்கி வெளியேற்றுகிறது. அந்தத் துகளின் மேல் பூஞ்சணமும் நுண்ணுயிரும் வேகமாகப் பிடிக்கும். தன் கழிவையே அது மறுபடி தின்பதும் உண்டு. அதன் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு, அந்தச் செம்பை வீணாக்காமல் மீட்டெடுக்க இது உதவுவதாகக் கருதப்படுகிறது. பூரான், சிலந்தி, தேரை, தரையில் கிளறும் பறவை ஆகியவை மரப்பேனைத் தின்கின்றன. சாணத்திலிருந்து தேரைவரை நீளும் இந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் மேய்ச்சல் நிலத்தின் வளம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தென்பெண்ணைக் கரையில் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்கு அருகில் இருக்கிறது. அவர் பிறந்த 1878-இல் இந்த ஆற்றில் மழைநீரை மறித்து நிறுத்தும் பெரிய அணை எதுவும் இங்கே இல்லை. மழை பெய்தால் ஆறு பெருகியது, கரையைத் தொட்டுப் புல்வெளியில் ஏறி வண்டலை விட்டு இறங்கியது. வெள்ளம் ஏறும்போது மரப்பேன் புல்தண்டிலும் மரப்பட்டையிலும் ஏறித் தப்பும். சில மணி நேரம் நீரில் மூழ்கியும் தாக்குப்பிடிக்கும். கட்டையோடும் சருகோடும் மிதந்து கீழ்க்கரைக்குப் போய்ச் சேரும். அடித்துப்போன இடத்தில் புதிதாய்க் குடியேறுவதற்கு ஆறே வழி செய்தது.

அணைகள் அந்த ஏற்ற இறக்கத்தை மாற்றின. கிருஷ்ணகிரி அணை 1950-களின் பிற்பகுதியில் எழுந்தது. அதன் முழு உயரம் 52 அடி. பின்னர் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை வந்தது, 44.28 அடி. கால்வாய்ப் பாசனம் பல ஊர்களுக்கு நெல்லையும் காய்கறியையும் தந்தது என்பதை மறுக்க முடியாது. அதே நேரத்தில் அணைக்கு மேலே புல்வெளி நீருக்குள் போனது. அணைக்குக் கீழே ஆண்டு வெள்ளம் நின்று, மேடாகிப்போன கரையில் புதர் ஏறியது. வண்டல் வரத்துக் குறைந்த நிலத்தைச் சிறிது சிறிதாக உழவுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம் 1970-களில் தொடங்கியது. மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 1971-இல் உருவானது. பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டரில், தேசிய நெடுஞ்சாலையின்மேல், மலிவான நிலத்தோடு இருந்த ஓசூரைத் தொழில் நகராக்கும் திட்டம் அந்தப் பத்தாண்டிலேயே கைக்கு வந்தது. 1980-களில் அசோக் லேலண்டின் லாரியும், டிவிஎஸ்ஸின் மொபெட்டும், டைட்டனின் கைக்கடிகாரமும் இங்கிருந்து வெளியே போயின. வட்டத் தலைநகராக இருந்த ஓசூர் 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை தந்த வளர்ச்சி இது. மேய்ச்சல் நிலத்துக்கு இதில் இடமில்லாமல் போனது யாரும் திட்டமிட்டுச் செய்ததால் அல்ல. புறம்போக்கு என்ற சொல்லே 'யாருக்கும் சொந்தமில்லாத, எதற்கும் எடுத்துக்கொள்ளலாம்' என்ற பொருளில் வழங்கத் தொடங்கிவிட்டது. சாலை, குடியிருப்பு, குப்பைக் கிடங்கு, அரசுக் கட்டடம் என்று எதற்கு நிலம் வேண்டுமானாலும் முதலில் கை வைத்தது மந்தைவெளியில்தான்.

மாடும் மாறியது. டிராக்டர் வந்தபின் உழவுக் காளைக்கு வேலை குறைந்தது. ஆலம்பாடி, ஹள்ளிக்கார் போன்ற மேய்ந்து பிழைக்கும் இனங்களின் இடத்தில் கறவைக் கலப்பினங்கள் கொட்டகைக்குள் கட்டிப்போடப்பட்டு, வெட்டிப்போட்ட தீவனத்தைத் தின்னத் தொடங்கின. ஆற்றோரத்தில் மேய்ச்சல் நின்ற இடமெல்லாம் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் பிடித்துக்கொண்டன. வெளிப்பார்வைக்குப் பச்சை கூடியதுபோலத் தெரியும். குனிந்து பார்த்தால் குட்டைப் புல்லின் நெருங்கிய வேர்ப்பின்னல் போய், செடிகளுக்கு இடையே மண் வெறுமையாக, வெயிலில் இறுகிக் கிடக்கும்.

நீரின் குணமும் மாறிவிட்டது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவுநீர் கர்நாடகத்தில் தட்சிண பினாகினி எனப்படும் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூருக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறக்கும்போது சோப்புப் பொருளும் பிற வேதிக் கழிவும் கலந்த நீர் அடிபட்டு வெண்ணுரையாய்ப் பொங்கி, ஆற்றை மூடி, காற்றில் பறந்து வயலில் விழுவதைக் கடந்த சில ஆண்டுகளாக மழைக்காலந்தோறும் செய்திகள் காட்டுகின்றன. கரையோர உழவர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. அந்த நீரில்தான் அவர்கள் கீரையும் பூவும் விளைவிக்கிறார்கள்.

நீர் மட்டுமல்ல, தொழில் மண்டலத்தின் மண்ணும் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய மரப்பேன் எப்படி உதவும் என்பதை இங்கிலாந்தின் ஓர் அனுபவம் சொல்கிறது. பிரிஸ்டல் நகருக்கு அருகே அவன்மவுத்தில் துத்தநாகமும் ஈயமும் உருக்கும் பெரிய ஆலை இருந்தது. அதைச் சுற்றிய நிலத்தின் மரப்பேன்களை ஸ்டீபன் ஹாப்கின் 1980-களில் ஆராய்ந்தார். துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு ஆகிய உலோகங்களை மரப்பேன் தன் செரிமானச் சுரப்பியில் சிறு மணிகளாகச் சேர்த்துவைக்கிறது. சருகில் சிறிதளவே இருக்கும் உலோகம் அதன் உடலில் செறிந்து நிற்கும். ஆலைக்குத் தூரம் கூடக்கூட அந்தச் சேமிப்புக் குறைகிறது. ஆகவே ஒரு நிலத்தின் பல இடங்களில் பிடித்த மரப்பேன்களைச் சோதித்தால் உலோகக் கலப்பு எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதை வரைபடமாகவே போடலாம். எந்தக் கருவியும் நடாமல், அந்த மண்ணில் பிறந்து அந்தச் சருகைத் தின்று வளர்ந்த உயிரிடமிருந்து கிடைக்கும் கணக்கு அது. சின்னச்சின்ன உலோகப் பூச்சுக் கூடங்கள் முதல் பெரிய வாகன ஆலைகள்வரை நெருங்கி நிற்கும் ஓசூர் போன்ற எல்லை நகரத்துக்கு இந்த முறை அப்படியே பொருந்தும்.

இன்று தென்பெண்ணைக் கரையில் மரப்பேனைத் தேடுபவருக்குப் பரந்த புல்வெளி தேவையில்லை. துண்டு துண்டாகக் கிடக்கும் பழைய இடங்கள் போதும். கால்வாய் ஓரத்தில் சரிந்த கருங்கல் அடுக்கு, கொட்டகையின் பின்னால் சாணம் வழியும் பள்ளம், ரோஜாக் குடில்களில் தென்னைநார்க் கழிவு நனைந்து கிடக்கும் மூலை, கிணற்று மேட்டின் உடைந்த செங்கல் ஆகியவை அவற்றின் இருப்பிடம். மாவு பூசிய அந்த வெளியூர் வகை இவ்விடங்களில் எளிதாகப் பிழைக்கிறது. புல்வேரையும் ஆற்றுச் சருகையும் நம்பி வாழும் உள்ளூர் வகைகளுக்கு இந்தச் செங்கல் மூலைகள் ஈடாகா.

நடுகற்களுக்கும் இதே பிரிவு நேர்ந்திருக்கிறது. சிலவற்றை எடுத்துவந்து கிருஷ்ணகிரி, தருமபுரி அருங்காட்சியகங்களில் பீடத்தின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். எழுத்து அழியாமல் இருக்க அதுவே பாதுகாப்பு. இன்னும் பல, வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் பாதி புதைந்தபடி நிற்கின்றன. பொங்கலுக்கும் படையலுக்கும் ஊரார் அவற்றைக் கழுவி மஞ்சள் பூசிப் பூ வைக்கிறார்கள். கழுவிய நீர் அடிமண்ணில் இறங்குகிறது. வாடிய பூவும் வாழையிலைக் கிழிசலும் கல்லோரத்திலேயே கிடந்து மட்குகின்றன. தொறு மீட்ட வீரனின் காலடியில், கல்லும் மண்ணும் சேரும் அந்த விரல் அகல ஈரத்தில், இரவானதும் மரப்பேன்கள் வெளியே வந்து வாழையிலையின் மெல்லிய பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கின்றன.